விஎம்களில் டேட்டாபேஸ் கிளஸ்டர், நடுவில் ஒரே ஸ்டோரேஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் சிப்காட்டில் மூன்று ஷிஃப்ட் ஓடும் உதிரிபாக ஆலை, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை, தர்மபுரியில் ஒரு நடுத்தர மருத்துவமனை என்று எங்கே போனாலும் சர்வர் அறையின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு அல்லது மூன்று ஹோஸ்ட் (விஎம் எனப்படும் வர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் சர்வர்), ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, இரண்டு ஸ்விட்ச், ஒரு யுபிஎஸ். அந்த அளவை மனதில் வைத்தே கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எங்களுக்கு ஷேர்டு டிஸ்க் உண்மையிலேயே தேவையா?

பலருக்குத் தேவைப்படுவதில்லை. ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதிலிருந்த விஎம் அடுத்த ஹோஸ்டில் தானாக எழுந்தால் போதும் என்றால், விஎம்வேர், ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ் மூன்றிலும் உள்ள எச்ஏ (ஹை அவைலபிலிட்டி) வசதியே அதைச் செய்யும். விஎம் பூட் ஆகி டேட்டாபேஸ் ரெகவரி முடியச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடம் லைன் நிற்கலாம் என்று உற்பத்திப் பிரிவு ஒப்புக்கொண்டால் அத்தோடு விஷயம் முடிந்தது.

ஆனால் விண்டோஸே கெட்டுப்போனால் எச்ஏ அதே கெட்ட விண்டோஸைத்தான் மறுபடி எழுப்பும். பேட்ச் போடும் நேரத்தில் டேட்டாபேஸ் நிற்கவும் செய்யும். இந்த இரண்டுக்கும் மருந்து கிளஸ்டர்: ஒரே டிஸ்கைப் பகிரும் இரண்டு விஎம்கள் (நோடுகள்); ஒன்று நின்றால் மற்றது டேட்டாபேஸை எடுத்துக்கொள்ளும்.

அதே கிளஸ்டர் எதற்கு மருந்தாகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நோடு இருந்தாலும் டேட்டா ஒரே பிரதிதான். ஸ்டோரேஜ் பெட்டி போனால் இரண்டு நோடும் சேர்ந்தே போகும். யாராவது தவறான டெலீட் கொடுத்தால் அது இரண்டு நோடுக்கும் சேர்த்துத்தான் நடக்கும். இதை வாங்குவதற்கு முன்பே மேலாளரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ரெப்ளிகேஷன் வைத்துக்கொண்டால் ஷேர்டு டிஸ்க் தொல்லையே இல்லையே?

உண்மைதான். எஸ்கியூஎல் சர்வரின் அவைலபிலிட்டி குரூப், போஸ்ட்கிரெஸின் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன், மைஎஸ்கியூஎல்லின் குரூப் ரெப்ளிகேஷன் ஆகியவற்றில் ஒவ்வொரு நோடுக்கும் தன் சொந்த டிஸ்க், தன் சொந்தப் பிரதி. புதிதாகக் கட்டுபவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

தடுப்பது பெரும்பாலும் லைசென்ஸ். எஸ்கியூஎல் சர்வர் ஸ்டாண்டர்டு எடிஷனில் கிடைப்பது பேசிக் அவைலபிலிட்டி குரூப் மட்டும். அதில் இரண்டு ரெப்ளிகா, ஒரு குரூப்புக்கு ஒரே ஒரு டேட்டாபேஸ். ஈஆர்பி, பேரோல், கேட் பாஸ், தர ஆய்வு என்று பன்னிரண்டு டேட்டாபேஸ் வைத்திருந்தால் பன்னிரண்டு குரூப் போட வேண்டும். லாகின், ஜாப் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் கையால் சமன் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதே ஸ்டாண்டர்டு எடிஷனில் ஃபெயிலோவர் கிளஸ்டர் இன்ஸ்டன்ஸ், சுருக்கமாக எஃப்சிஐ, இரண்டு நோடு வரை கிடைக்கிறது. முழு இன்ஸ்டன்ஸும் ஒரே மூட்டையாக அந்தப் பக்கம் போகும். ஷேர்டு டிஸ்க் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரே டிஸ்க் கோப்பை இரண்டு விஎம்மிலும் சேர்த்துவிட்டால் போதாதா?

போதாது, டேட்டா போய்விடும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 ஆகிய கோப்பு முறைமைகள் எல்லாமே "இந்த டிஸ்கில் எழுதுவது நான் ஒருவன்தான்" என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. எந்த பிளாக் காலி, எந்தக் கோப்பு எங்கே என்பதை ஒவ்வொரு இயங்குதளமும் தன் மெமரியில் வைத்திருக்கும். முதல் நோடு ஒரு பிளாக்கை எடுத்துக்கொண்டது இரண்டாவது நோடுக்குத் தெரியாது. அதே பிளாக்கில் அது வேறொன்றை எழுதும். முதல் நாள் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். கோப்பு கெட்டிருப்பது ரீஸ்டார்ட் செய்யும்போதோ பேக்கப் எடுக்கும்போதோதான் வெளியே வரும்.

ஹைப்பர்வைசர்கள், அதாவது விஎம்களை ஓட்டும் மென்பொருள்கள், இதைத் தடுக்கத்தான் பார்க்கின்றன. விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐயில் விஎம்டிகே என்ற டிஸ்க் கோப்புக்குப் பூட்டு உண்டு. இரண்டாவது விஎம் பவர் ஆன் ஆகாது. ப்ராக்ஸ்மாக்ஸின் அடியில் ஓடும் கியூஈஎம்யூவிலும் 2.10 பதிப்பிலிருந்து இதேபோன்ற பூட்டு இருக்கிறது. அந்த எர்ரர் செய்தியைப் பார்த்ததும் இணையத்தில் தேடி, மல்டி-ரைட்டர் என்ற அமைப்பை ஆன் செய்து பூட்டைக் கழற்றிவிடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் விபத்து. பூட்டைக் கழற்றுவது எளிது. கழற்றிய பிறகு "இப்போது எழுதும் உரிமை யாருக்கு" என்று தீர்மானிக்கும் ஆள் யார் என்பதே கேள்வி. எஃப்சிஐயில் அந்த ஆள் ஸ்கஸி ரிசர்வேஷன். ஆரக்கிள் ராக்கில் ஆரக்கிளின் கிளஸ்டர்வேர். லினக்ஸின் கிளஸ்டர் மென்பொருளான பேஸ்மேக்கரில் ஃபென்சிங், அதாவது பதில் சொல்லாத நோடை வலுக்கட்டாயமாக அணைப்பது. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல் டிஸ்கைப் பகிர்ந்தால் அதற்குப் பெயர் கிளஸ்டர் அல்ல.

ஸ்கஸி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு நோடும் ஸ்டோரேஜில் உள்ள லன்னில் (பெட்டி ஒரு தனி டிஸ்காகக் காட்டும் பகுதி) தன் 8 பைட் சாவியைப் பதிவு செய்கிறது. பதிவு செய்தவர்களில் ஒருவர் ரிசர்வேஷன் எடுக்கிறார். ஒரு நோடு செத்துவிட்டதாகக் கிளஸ்டர் முடிவு செய்தால், உயிரோடு இருப்பவர் அதன் சாவியை லன்னிலிருந்து நீக்கிவிடுகிறார். அந்த நோடு உண்மையில் சாகாமல் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்து, விழித்தெழுந்து எழுத வந்தாலும், ஸ்டோரேஜே மறுத்துவிடும். விண்டோஸ் சர்வர் 2008 முதல் ஃபெயிலோவர் கிளஸ்டருக்கு இது கட்டாயம். பழைய ஸ்கஸி-2 வகை ரிசர்வ்-ரிலீஸ் போதாது.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நோடு அனுப்பும் ரிசர்வேஷன் கட்டளை, நடுவில் இருக்கும் ஹைப்பர்வைசரைத் தாண்டி, எழுத்தைத் தடுக்கக்கூடிய இடம் வரை போய்ச் சேர்கிறதா?

விஎம்வேரில் எஸ்கியூஎல் சர்வர் எஃப்சிஐக்கு என்னென்ன வழிகள் உள்ளன?

முக்கியமாக நான்கு. பிசிகல் மோடு ஆர்டிஎம், அதாவது லன்னை அப்படியே விஎம்முக்குக் கொடுப்பது, பழையது. ஃபைபர் சேனலிலும் போகும், சாதாரண நெட்வொர்க் வழியாக டிஸ்கைப் பிடிக்கும் ஐஸ்கஸியிலும் போகும்.

இரண்டாவது கிளஸ்டர்டு விஎம்டிகே. விஎம்வேரின் விஸ்ஃபியர் 7.0இல் வந்தது. ஆர்டிஎம் இல்லாமல் சாதாரண விஎம்டிகேயையே பகிரலாம். டேட்டாஸ்டோர் விஎம்எஃப்எஸ்6 (விஎம்வேரின் கோப்பு முறைமை) ஆக இருந்து, அதில் கிளஸ்டர்டு விஎம்டிகே அமைப்பை ஆன் செய்திருக்க வேண்டும். டிஸ்க் ஈகர் ஜீரோடு திக் வகை. 7.0இல் இது ஃபைபர் சேனல் ஸ்டோரேஜுக்கு மட்டும்தான். நம் பக்கத்துச் சிறு ஆலைகளில் இருப்பது பெரும்பாலும் ஐஸ்கஸி பெட்டி என்பதால், விற்பவர் "ஆர்டிஎம் எல்லாம் பழசு சார்" என்று சொன்னாலும் இந்த இடத்தைச் சரிபார்த்துவிட்டே தலையாட்டவும். விண்டோஸ் கிளஸ்டரில் கோரம்ஆர்பிட்ரேஷன்டைம்மேக்ஸ் மதிப்பை 60 ஆக்குவதையும் மறக்கக்கூடாது.

மூன்றாவது விசான், அதாவது ஹோஸ்ட்களின் உள் டிஸ்குகளைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜ் ஆக்கும் விஎம்வேர் வசதி. 6.7 அப்டேட் 3 முதல் ரிசர்வேஷனை நேரடியாக ஆதரிக்கிறது. ஏற்கெனவே விசான் இருந்தால் இதுவே சுலபம்.

நான்காவது, ஹைப்பர்வைசரையே ஒதுக்கிவிட்டு விஎம்முக்குள்ளிருந்து ஐஸ்கஸி பிடிப்பது. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

பிசிகல் ஆர்டிஎம் அமைக்கும் வரிசையைச் சொல்லுங்கள்.

ஸ்டோரேஜில் லன்களை உருவாக்குங்கள். இரண்டு நோடு எஃப்சிஐக்கு டேட்டா, லாக், விட்னஸ் (நோடுகளுக்கு நடுவே வோட்டுப் போடும் மூன்றாவது தரப்பு) என மூன்று லன் போதும். விட்னஸ் 1 ஜிபி. விஎம் ஓடக்கூடிய எல்லா ஹோஸ்டுக்கும் அவற்றைக் காட்டுங்கள், எல்லாவற்றிலும் ஒரே லன் எண்ணாக. பிறகு ஹோஸ்ட்களில் ரீஸ்கேன்.

அடுத்த படியைத்தான் பலர் விடுகிறார்கள்: ஒவ்வொரு ஹோஸ்டிலும் அந்த லன்களுக்கு "பெரன்னியலி ரிசர்வ்டு" என்ற கொடியை ட்ரூ ஆக்க வேண்டும். விட்டுவிட்டால், அடுத்த முறை ஹோஸ்டை ரீபூட் செய்யும்போது அது ரிசர்வ் செய்யப்பட்ட ஒவ்வொரு லன்னையும் படிக்க முயன்று, தோற்று, மறுபடி முயன்று நேரத்தைத் தின்னும். "பேட்ச் போட்ட பிறகு சர்வர் பூட் ஆகவில்லை, தொங்கிவிட்டது" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான். கொடியை ஆர்டிஎம் லன்னுக்கு மட்டும் வையுங்கள். விஎம்எஃப்எஸ் டேட்டாஸ்டோர் இருக்கும் லன்னுக்கு வைக்கக்கூடாது.

முதல் விஎம்மை ஆஃப் செய்து, புதிதாக ஒரு பேராவர்ச்சுவல் ஸ்கஸி கன்ட்ரோலர் சேருங்கள். ஸ்கஸி 0 இயங்குதளத்துக்கே இருக்கட்டும். பகிரும் டிஸ்குகள் ஸ்கஸி 1க்கு. பஸ் ஷேரிங் என்பதை பிசிகல் ஆக்குங்கள். லன்னை ஆர்டிஎம்மாக, பிசிகல் கம்பாட்டிபிலிட்டியில், 1:0, 1:1, 1:2 எனச் சேருங்கள். 1:7 கன்ட்ரோலருக்கே உரியது. இதன் மேப்பிங் கோப்பு எல்லா ஹோஸ்டும் பார்க்கக்கூடிய டேட்டாஸ்டோரில் இருக்க வேண்டும். ஒரு ஹோஸ்டின் உள் டிஸ்கில் வைத்துவிட்டால் இரண்டாவது நோடு அதைப் பார்க்கவே முடியாது.

இரண்டாவது விஎம்மில் அதேபோல் கன்ட்ரோலர், அதே பஸ் ஷேரிங். இங்கே புதிய ஆர்டிஎம் உருவாக்க வேண்டாம். "ஏற்கெனவே உள்ள டிஸ்க்" என்பதைத் தேர்ந்து, அந்த மேப்பிங் கோப்புகளையே அதே எண்களில் சேருங்கள்.

இரண்டையும் ஆன் செய்து, முதல் நோடில் மட்டும் டிஸ்குகளை ஆன்லைன் ஆக்கி, ஜிபிடி போட்டு, டேட்டாவுக்கும் லாகுக்கும் 64 கேபி அலகில் ஃபார்மேட் செய்யுங்கள். இரண்டாவது நோடில் அவை ஆஃப்லைனிலேயே கிடக்கட்டும். பிறகு கிளஸ்டர் வேலிடேஷன். அதில் ஸ்டோரேஜ் பகுதியில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்தாலும் காரணம் தெரியாமல் மேலே போக வேண்டாம். கிளஸ்டர் அமைந்ததும் இரண்டு விஎம்மும் ஒரே ஹோஸ்டில் உட்காராதபடி, விஎம்களை ஹோஸ்ட்களுக்குப் பங்கிடும் டிஆர்எஸ்ஸில் ஆன்டி-அஃபினிட்டி விதி போடுங்கள். விதி போடாத இடங்களில், ஒரு ஹோஸ்ட் விழுந்து இரண்டு நோடும் சேர்ந்து போவது வழக்கமான கதை.

எஸ்கியூஎல் சர்வரின் தற்காலிக டேட்டாபேஸான டெம்ப்டிபியையும் ஷேர்டு டிஸ்கில்தான் வைக்க வேண்டுமா?

வேண்டாம். எஸ்கியூஎல் சர்வர் 2012 முதல் எஃப்சிஐயின் டெம்ப்டிபி உள் டிஸ்கில் இருக்கலாம்; ஸ்டோரேஜின் சுமை நன்றாகக் குறையும். ஒரே நிபந்தனை: அதே டிரைவ் எழுத்து, அதே ஃபோல்டர், அதே அனுமதிகள் இரண்டு நோடிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபெயிலோவர் ஆன பிறகு சர்வீஸ் எழாது.

மல்டி-ரைட்டர் அப்படியானால் யாருக்கு?

ஆரக்கிள் ராக் போல, எல்லா நோடும் ஒரே நேரத்தில் எழுதி, அதைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் மென்பொருளுக்கு. எஃப்சிஐக்கு இது கூடாது.

ராக் அமைக்கும்போது பஸ் ஷேரிங் "இல்லை" என்றே இருக்க வேண்டும். பகிர்வு என்பது ஒவ்வொரு விஎம்டிகேயிலும் மல்டி-ரைட்டர் என வைக்கப்படும். விஎம்எஃப்எஸ்ஸில் டிஸ்க் ஈகர் ஜீரோடு திக் வகையாக இருக்க வேண்டும். விஎம்மின் கூடுதல் அமைப்புகளில் டிஸ்க்.எனேபிள்யுயுஐடி என்பதை ட்ரூ ஆக்குங்கள். இல்லாவிட்டால் லினக்ஸுக்கு டிஸ்கின் சீரியல் எண் தெரியாது. அடுத்த ரீபூட்டில் எஸ்டிபி என்ற டிஸ்க் பெயர் எஸ்டிசி ஆகிவிடும், ஆரக்கிளின் டிஸ்க் மேலாளரான ஏஎஸ்எம் தன் டிஸ்கைத் தேடிக்கொண்டிருக்கும். யுடெவ் விதியில் சீரியலை வைத்து நிரந்தரப் பெயர் கொடுத்து, உரிமையாளர் கிரிட், குழு ஏஎஸ்எம்அட்மின், அனுமதி 0660 எனப் போடுங்கள். ஒரு டிஸ்க் குரூப்பில் உள்ள டிஸ்குகள் எல்லாம் ஒரே அளவு; அவற்றை ஸ்கஸி 1, 2, 3 எனப் பரப்புங்கள்.

வோட்டிங் டிஸ்கை நார்மல் ரிடண்டன்சியில் மூன்றாக வைப்பது வழக்கம். மூன்றும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்தால் பெட்டி போகும்போது மூன்றும் போகும் என்பதால், பெட்டி ஒன்றே இருக்கும் இடத்தில் எக்ஸ்டர்னலில் ஒன்று வைத்தாலும் பெரிய நஷ்டமில்லை.

வாங்கும் முன் இரண்டு விஷயம். 19சி முதல் ஸ்டாண்டர்டு எடிஷன் 2இல் ராக் கிடையாது. மேலும் விஎம்வேரில் விஎம்மின் கோர் எண்ணிக்கையைக் குறைத்து வைத்திருப்பதை ஆரக்கிளின் பார்ட்டிஷனிங் கொள்கை லைசென்ஸ் வரம்பாக ஏற்பதில்லை. எத்தனை ஹோஸ்டுக்குக் கணக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹைப்பர்-வி வைத்திருக்கிறோம்.

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2இல் ஷேர்டு விஎச்டிஎக்ஸ் வந்தது. 2016இல் அதற்குப் பதிலாக விஎச்டி செட் வந்தது. இப்போது கட்டுவதென்றால் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். ஓடும்போதே அளவைப் பெரிதாக்கலாம், ஹோஸ்ட் மட்டத்தில் பேக்கப் எடுக்கலாம். பழையதில் இரண்டுமே முடியாது. கோப்பு சிஎஸ்வியிலோ (கிளஸ்டர் ஷேர்டு வால்யூம்) எஸ்எம்பி3 ஸ்கேல்-அவுட் ஃபைல் சர்வரிலோ இருக்க வேண்டும்.

விஎம்வேர் விலை ஏறியதால் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறுகிறோம். அங்கே எப்படி?

2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிய பிறகு நிரந்தர லைசென்ஸ் நின்றுபோனதால் இந்தக் கேள்வி இப்போது அதிகம் வருகிறது.

ப்ராக்ஸ்மாக்ஸில் "ஷேர்டு" என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். டிஸ்கிலோ ஸ்டோரேஜ் அமைப்பிலோ அதை டிக் செய்வது, "இது எல்லா ஹோஸ்டுக்கும் ஏற்கெனவே தெரியும்" என்று ப்ராக்ஸ்மாக்ஸுக்குச் சொல்வது மட்டும்தான். அது எதையும் பகிர்ந்து கொடுக்காது. இரண்டு விஎம் ஒரே டிஸ்கை எழுதும் அனுமதியும் அல்ல.

ப்ராக்ஸ்மாக்ஸ் இல்லாமல் லிப்விர்ட் கருவி மூலம் நேரடியாகக் கேவிஎம் (லினக்ஸின் ஹைப்பர்வைசர்) நடத்துபவர்கள் டிஸ்கை ஷேரபிள் என்று குறிக்கலாம். வடிவம் ரா ஆக இருக்க வேண்டும், கியூகவ்2 கூடாது. கேஷ் "நன்" (இல்லை) ஆக இருக்க வேண்டும். ரைட்-பேக் கேஷ் விட்டால் ஒரு ஹோஸ்டின் மெமரியில் கிடக்கும் எழுத்து இன்னொரு ஹோஸ்டுக்குத் தெரியாது. ரிசர்வேஷன் வேண்டுமென்றால் டிஸ்கின் வகையை லன் ஆக்கி, கியூஈஎம்யூவின் பிஆர்-ஹெல்பர் டீமனை ஓடவிட வேண்டும். இத்தனையும் செய்து பராமரிப்பதைவிட, இரண்டு ஹோஸ்ட் வைத்திருக்கும் ஆலைக்கு விஎம்முக்குள் ஐஸ்கஸி பிடிப்பதே நிம்மதி.

விஎம்முக்குள் ஐஸ்கஸி என்றால் என்ன செய்ய வேண்டும்?

ஸ்டோரேஜ் பெட்டியின் ஐஸ்கஸி லன்னை ஹோஸ்ட் பிடிக்காமல், விண்டோஸிலோ லினக்ஸிலோ உள்ள இனிஷியேட்டர் பிடிக்கிறது. ஹைப்பர்வைசருக்கு அது வெறும் நெட்வொர்க் போக்குவரத்து. ரிசர்வேஷன் நேராக ஸ்டோரேஜுக்குப் போகும். எந்த ஹைப்பர்வைசரானாலும் ஒரே முறை. லைவ் மைக்ரேஷனுக்கும் தடையில்லை.

ஒவ்வொரு விஎம்முக்கும் ஸ்டோரேஜுக்கென்றே இரண்டு நெட்வொர்க் கார்டு, இரண்டு தனி விஎல்ஏஎன், இரண்டு தனி ஸ்விட்ச். இனிஷியேட்டரில் இரண்டு பாதையும் சேர்த்து மல்டிபாத் போடுங்கள். மல்டிபாத் போடாமல் இரண்டு பாதையை மட்டும் இணைத்தால் ஒரே லன் இரண்டு டிஸ்காகத் தெரியும்; கிளஸ்டர் குழம்பும். எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 வைத்தால் விஎம், வி-ஸ்விட்ச், பிசிகல் ஸ்விட்ச், ஸ்டோரேஜ் நான்கிலும் வைக்க வேண்டும். சோதிக்க, துண்டாக்காதே என்ற அமைப்புடன் 8972 பைட் பிங் அனுப்புங்கள். அது போகவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒன்று 1500இல் நிற்கிறது. இந்நிலையில் லாகின் நடக்கும், டிஸ்கும் தெரியும், பெரிய எழுத்து வந்ததும் தொங்கும். ஆளைச் சுற்றவிடும் பிழை இது. போர்ட் 3260.

1 ஜிபிபிஎஸ் இணைப்பில் நொடிக்குச் சுமார் 110 எம்பிதான் போகும். பகலில் ஈஆர்பிக்கு அது போதும். இரவு பேக்கப்பும் இண்டெக்ஸ் சீரமைப்பும் ஒன்றாக வந்தால் திணறும். 10 ஜிபிபிஎஸ் போட முடிந்தால் போடுங்கள்.

இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, ஒரு விஎம்மைக் குளோன் செய்து இரண்டாவது நோடு ஆக்கினால் இரண்டுக்கும் ஒரே ஐகியூஎன் (ஐஸ்கஸி அடையாளப் பெயர்) இருக்கும். ஸ்டோரேஜுக்கு இருவரும் ஒருவராகத் தெரிவார்கள். செஷன்கள் ஒன்றையொன்று துரத்தும், ரிசர்வேஷனும் அர்த்தமிழக்கும். பெயரை மாற்றிவிட்டே லன்னைக் காட்டுங்கள். இரண்டாவது, பெட்டி வாங்கப் பணமில்லை என்று இரண்டு ஹோஸ்டில் ஒன்றின் மேலேயே ஒரு லினக்ஸ் விஎம் வைத்து அதை ஐஸ்கஸி டார்கெட் ஆக்குவது. அந்த ஹோஸ்ட் விழுந்தால் கிளஸ்டரே விழும். அந்தப் பணத்தில் ரெப்ளிகேஷன் போடுங்கள்.

போஸ்ட்கிரெஸையோ மைஎஸ்கியூஎல்லையோ ஒரே டேட்டா ஃபோல்டரை வைத்து இரண்டு நோடிலும் ஒரே நேரத்தில் ஓட்டலாமா? ஜிஎஃப்எஸ்2 போட்டால்?

முடியாது. ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்றவை கோப்பு முறைமையைக் காப்பாற்றும். டேட்டாபேஸின் பஃபரை அவை ஒழுங்குபடுத்தாது. போஸ்ட்கிரெஸ் தன் பிஐடி கோப்பைப் பார்த்து இன்னொருவர் ஓடுவதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு ஒரே இயந்திரத்துக்குள் மட்டும் நம்பத்தக்கது. எனவே ஒரு நேரத்தில் ஒரு நோடு, பேஸ்மேக்கர் கையில்: முதலில் எல்விஎம் ஆக்டிவேஷன், பிறகு மவுண்ட், பிறகு ஐபி, கடைசியில் டேட்டாபேஸ். எஃப்எஸ்டேப்பில் அந்த மவுண்டை எழுதிவைத்தால் ரீபூட் ஆகும் நோடு தானாக மவுண்ட் செய்துவிடும், எழுதக்கூடாது. ஈஎக்ஸ்டி4இல் எம்எம்பி என்ற இரட்டை மவுண்ட் பாதுகாப்பை ஆன் செய்யலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸில் அது இல்லை.

உயிர்நாடி ஃபென்சிங். பதில் சொல்லாத நோடை வலுக்கட்டாயமாகப் பவர் ஆஃப் செய்த பிறகே அடுத்த நோடு டிஸ்கைத் தொட வேண்டும். பேஸ்மேக்கரில் இந்த அமைப்பின் பெயர் ஸ்டோனித். "ஸ்டோனித் தொல்லை கொடுக்கிறது" என்று அதை ஃபால்ஸ் ஆக்குவது, பிரேக் பிடிக்கிறது என்று பிரேக்கைக் கழற்றுவது. விஎம்வேரில் வி-சென்டர் (ஹோஸ்ட்களை நிர்வகிக்கும் சர்வர்) மூலம் ஃபென்ஸ் செய்யும் ஏஜென்ட் இருக்கிறது. ஆனால் அந்த வி-சென்டர் விழுந்த ஹோஸ்டிலேயே ஓடிக்கொண்டிருந்தால் ஃபென்சிங் அந்தச் சமயம் நடக்காது, டேட்டாபேஸும் எழாது. ஹோஸ்டையே நேரடியாகக் கேட்கும் இரண்டாவது வழியோ, ஷேர்டு டிஸ்க் வழியான எஸ்பிடியோ துணைக்கு வேண்டும். இரண்டு நோடும் ஒரே நொடியில் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளாமல் இருக்க ஒரு நோடின் ஃபென்சிங்குக்குச் சில நொடி தாமதம் கொடுங்கள். நோடுகளுக்கிடையே பேசும் கோரோசிங்கில் டூ-நோடு 1 என்று வைக்கவும் வேண்டும்.

விட்னஸை எங்கே வைப்பது?

எஃப்சிஐ என்றால் டிஸ்க் விட்னஸ் நல்ல தேர்வு. அது அதே ஸ்டோரேஜில் இருக்கிறதே என்று கவலை வேண்டாம். ஸ்டோரேஜ் போனால் டேட்டாவே இல்லை, வோட்டு எதற்கு? குறைந்தது 512 எம்பி, டிரைவ் எழுத்து தேவையில்லை. அவைலபிலிட்டி குரூப் என்றால் மூன்றாவது இடத்தில் ஃபைல் ஷேர் விட்னஸ், அல்லது விண்டோஸ் சர்வர் 2016 முதல் உள்ள கிளவுட் விட்னஸ்.

பேக்கப் சாஃப்ட்வேர் இந்த இரண்டு விஎம்மில் மட்டும் தோற்கிறது.

தோற்கத்தான் செய்யும். பஸ் ஷேரிங் உள்ள விஎம்மில் விஎம்வேர் ஸ்னாப்ஷாட் எடுக்க விடாது. முழு விஎம் பேக்கப் எல்லாம் ஸ்னாப்ஷாட்டின் மேல் நிற்பவை. விஎம்முக்குள் ஏஜென்ட் போடுங்கள், அல்லது டேட்டாபேஸின் சொந்த பேக்கப்பை வேறு பெட்டிக்கு எழுதுங்கள். பேக்கப்பும் அதே ஸ்டோரேஜில் இருந்தால் அது பேக்கப் கணக்கில் வராது. ஓடும்போதே டிஸ்கை வேறு பெட்டிக்கு நகர்த்தும் ஸ்டோரேஜ் வி-மோஷனும் இந்த டிஸ்குகளுக்கு இல்லை. பெட்டி மாற்றும் நாளில் டவுன்டைம் உண்டு. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் அதை மே முதல் ஜூலை வரையிலான சீசனில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

வி-மோஷன் நடக்கும்போது ஃபெயிலோவர் ஆகிவிடுகிறது. ஏன்?

வி-மோஷனில், ஓடிக்கொண்டிருக்கும் விஎம் ஹோஸ்ட் மாறும் கடைசிக் கட்டத்தில் சிறிது நேரம் உறைகிறது. அந்த நேரம் ஹார்ட்பீட் (நோடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் "உயிரோடு இருக்கிறேன்" செய்தி) வரம்பைத் தாண்டினால் மற்ற நோடு இதைச் செத்ததாக எழுதிவிடும். ஈவன்ட் 1135 பதிவாகும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2இல் சேம்சப்நெட் திரெஷோல்டு 5. அதை 10 ஆக்குங்கள். 2016இல் இயல்பாகவே 10. பெரிய மெமரி உள்ள டேட்டாபேஸ் விஎம்மை 1 ஜிபிபிஎஸ் வழியாக நகர்த்துவதும் காரணமாகலாம். 129, 153 ஈவன்ட்களும் சேர்ந்து வந்தால் குற்றவாளி வி-மோஷன் அல்ல. ஸ்டோரேஜ் பாதையைப் பாருங்கள்.

மாதாந்திர மின்தடை நாளில் எந்த வரிசையில் அணைத்து ஏற்றுவது?

மின்வாரியப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும். ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் 8.30க்கே வேலையைத் தொடங்குங்கள். அணைப்பது: செயலிகள், கிளஸ்டர் சர்வீஸ், நோடு விஎம்கள், மற்ற விஎம்கள், ஹோஸ்ட்கள், கடைசியில் ஸ்டோரேஜ். ஏற்றுவது: ஸ்விட்ச், ஸ்டோரேஜ் முழுதாக எழும்வரை காத்திருப்பு, ஹோஸ்ட்கள், டொமைன் கன்ட்ரோலர், பிறகு நோடுகள். எல்லாவற்றையும் ஒரே மெயின் ஸ்விட்சில் ஏற்றினால் ஸ்டோரேஜுக்கு முன் ஹோஸ்ட் எழுந்து, லன் காணோம் என்று நிற்கும்.

இருக்கும் ஒரே டொமைன் கன்ட்ரோலரையும் அதே ஸ்டோரேஜில் வைக்காதீர்கள். ஒன்றாவது ஒரு ஹோஸ்டின் உள் டிஸ்கில் இருக்கட்டும். எஸ்கியூஎல் சர்வீஸ் அக்கவுன்ட் டொமைனைத் தேடும். யுபிஎஸ் பேட்டரி, முழு அணைப்புக்கு ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது தாங்க வேண்டும். ஸ்டோரேஜ் கன்ட்ரோலரின் கேஷ் பேட்டரியையும் கவனியுங்கள். அது போனதும் பல பெட்டிகள், கேஷில் நிறுத்தாமல் நேராக டிஸ்கில் எழுதும் ரைட்-த்ரூவுக்கு மாறிவிடும், "நேற்றிலிருந்து எல்லாம் மெதுவாக இருக்கிறது" என்று போன் வரும்.

ஒரு நோடு ஓசூரில், இன்னொன்று கிருஷ்ணகிரியில் வைக்கலாமா?

தூரம் சுமார் 50 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 மைக்ரோ நொடி எடுக்கும். போய்வர அரை மில்லி நொடி. கேபிள் சுற்றிப் போனால் கூடும். எண்ணைப் பார்த்தால் முடியும்; விசான் ஸ்ட்ரெட்ச்டு கிளஸ்டருக்கு இரு இடங்களுக்கு இடையே 5 மில்லி நொடி வரை அனுமதி. தடை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு நிறுவனத்திடம் இரண்டு லைன் வாங்கினாலும் இரண்டும் தேசிய நெடுஞ்சாலை 44 ஓரம் ஒரே குழியில் ஓடலாம். சாலை வேலைக்கு வந்த ஜேசிபி ஒரே வாரலில் இரண்டையும் எடுத்துவிடும். அப்போது இரு பக்கமும் தானே உயிரோடு இருப்பதாக நினைக்கும். இதற்கு இரு ஊரிலும் ஸ்டோரேஜ், நடுவே சின்க்ரோனஸ் மிரர், மூன்றாவது ஊரில், தர்மபுரியிலோ பெங்களூரிலோ, வேறு பாதையில் விட்னஸ் என்று எல்லாம் வேண்டும். நடுத்தர ஆலைக்கு இது மிகை. ஓசூரில் எஃப்சிஐ, கிருஷ்ணகிரிக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் ஷிப்பிங் (லாக் பேக்கப்பை அனுப்பி அங்கே ஏற்றுவது) என்பது பாதிச் செலவில்கூடத் தூங்கவிடும் ஏற்பாடு.

ஒப்படைக்கும் முன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

கிளஸ்டர் மேனேஜரில் "மூவ்" அழுத்திப் பார்ப்பது சோதனை அல்ல. அது ஒழுங்கான இடமாற்றம். ஈஆர்பியில் ஒருவர் பதிவு போட்டுக்கொண்டிருக்கும்போது ஆக்டிவ் விஎம்மைப் பவர் ஆஃப் செய்யுங்கள். டேட்டாபேஸ் எழ எத்தனை நொடி என்பதோடு, ஈஆர்பி கிளையண்ட் தானாக மறுபடி இணைகிறதா என்றும் பாருங்கள். பல கிளையண்டுகள் எர்ரர் காட்டித் தொங்கும்; அப்படியென்றால் ஷிஃப்ட் மேற்பார்வையாளருக்கு "மூடித் திறக்கவும்" என்று எழுதி ஒட்ட வேண்டும். பிறகு ஒரு ஹோஸ்டின் இரண்டு பவர் கேபிளையும் உருவுங்கள். ஒரு ஸ்விட்சை அணையுங்கள். எதுவும் நகரக்கூடாது, எழுத்து சில நொடி தயங்கலாம். ஆக்டிவ் நோடின் ஹார்ட்பீட் நெட்வொர்க்கை மட்டும் துண்டியுங்கள், ஸ்டோரேஜ் பாதை இருக்கட்டும்: ஒரே ஒரு நோடு மட்டும் டிஸ்கை வைத்திருக்கிறதா என்பது இங்கேதான் தெரியும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும், டேட்டாபேஸ் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் டிபிசிசி செக்டிபி ஓட்டி, வந்த விடையைத் தேதியோடு சேமியுங்கள். வாரண்டி ஒப்பந்தத்தில் "4 மணி நேரத்தில் பாகம்" என்று இருந்தால் அது உங்கள் பின்கோடுக்குச் செல்லுமா என்றும் அதே வாரத்தில் கேட்டுவிடுங்கள். ஓசூருக்கு உள்ள சலுகை தர்மபுரிக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.